மேற்குப் புறநகருக்கு ஒரு நிருபர்

அம்பத்தூரில் குடியிருக்கும் ஒருவர் சொத்து வரியைச் சென்னை மாநகராட்சிக்குக் கட்டுகிறார். வீட்டில் திருடு போனால் அவர் ஓடும் காவல் நிலையம் ஆவடி ஆணையரகத்தின் கீழ் வருகிறது. நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்கு ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்கு. 2018 வரை அவர் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர். அதற்குப் பிறகு சென்னை மாவட்டத்துக்காரர். அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஆவடி மாநகராட்சி. அங்கே மாவட்டமும் திருவள்ளூர், நாடாளுமன்றத் தொகுதியும் திருவள்ளூர். இரண்டுக்கும் நடுவே அயப்பாக்கம். வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் அடுக்குமாடிகளும் நெருக்கியடித்து நிற்கும் அந்த ஊர், நெடுங்காலம் வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சியாகவே இருந்துவந்தது. வில்லிவாக்கமோ சென்னை நகருக்குள் கலந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது.

குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இந்த எல்லைகளை நிர்வாகச் சிக்கலாகவே பேசிப் பழகிவிட்டோம். பத்திரிகைகளும் இதே எல்லைகளின்படிதான் ஆட்களைப் பிரித்து நிறுத்தியிருக்கின்றன. மாநகராட்சிச் செய்தி சேகரிப்பவர் ரிப்பன் மாளிகையில் இருக்கிறார். மாவட்டச் செய்தியாளர் திருவள்ளூரில், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகிறார். குற்றச் செய்தியாளர் ஆவடி ஆணையரகத்தின் செய்திக் குறிப்புக்குக் காத்திருக்கிறார். மூவரும் தத்தம் வேலையைக் குறைவில்லாமல் செய்தாலும்கூட, அம்பத்தூர் மண்டலக் குழுக் கூட்டத்தில் என்ன தீர்மானம் நிறைவேறியது என்பது மறுநாள் தேநீர்க் கடையில் பேப்பர் புரட்டுபவருக்குத் தெரியாது. ஆவடியின் 48 வார்டுகளில் எந்த வார்டுக்கு எந்த வேலைக்குப் பணம் ஒதுக்கினார்கள் என்று தெரியாது. பூந்தமல்லி, திருவேற்காடு நகராட்சி மன்றங்களில் யார் என்ன பேசினார்கள் என்பது, அங்கே உட்கார்ந்திருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் தேநீர்க் கடைகளில் இன்றும் பேப்பர் வாங்கிப் போடுகிறார்கள். எங்கள் பகுதிச் செய்தி வரும் பக்கத்தைத் திருப்பினால், செயின் பறிப்பு, கஞ்சாவுடன் இருவர் கைது, கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, கட்சி சார்பில் நீர்மோர்ப் பந்தல், லாரி மோதி இருசக்கர வாகனத்தில் சென்றவர் பலி. இறந்தவரின் வயது இருக்கும். எந்த நிறுவனத்தில் வேலை செய்தார், உடல் எந்த மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது என்பதும் இருக்கும். 'போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்' என்ற வரியோடு செய்தி முடிந்துவிடும். அந்த இடத்தில் தெருவிளக்கு எரிந்ததா? பள்ளம் தோண்டியவர்கள் மூடினார்களா? அதே வளைவில் இதற்கு முன் யாராவது இறந்திருக்கிறார்களா? அந்தச் சாலை யார் பொறுப்பு? செய்தி தொடங்க வேண்டிய இடம் அதுதான். காவல் துறை குறிப்பு கொடுத்துவிடுகிறது, அதனால் குற்றமும் விபத்தும் தவறாமல் அச்சேறுகின்றன. பாதாளச் சாக்கடைத் திட்டம் எந்தத் தெருவோடு நின்றுபோனது என்று யாரும் குறிப்பு கொடுப்பதில்லை. போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

எங்கள் பகுதிகளின் குறைகள் ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடப்பதற்குப் பணமில்லை, ஆளில்லை, அரசியல் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால், கேட்ட கேள்வியை அடுத்த மாதமும் போய் அதே அதிகாரியிடம் கேட்டு, அவர் முன்பு சொன்ன பதிலோடு ஒப்பிட்டு எழுதும் ஒருவர் இல்லாததை இவற்றுக்கெல்லாம் முன்னால் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெயர் தெரியாத ஊர்கள் அல்ல இவை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் போனது இந்த வழியாகத்தான். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. பொருளாதார வரலாறு எழுதும் எவரும் ஆவடியின் பெயரை எழுதாமல் தாண்ட முடியாது. 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை 1,200 ஏக்கருக்கு மேல் விரிந்து, சிறுதொழிலுக்கு நாட்டின் முக்கியமான இடங்களில் ஒன்றானது. அடுத்த ஆண்டே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா பீரங்கி வண்டி வெளியே வந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தீர்ப்பு 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் வந்தபோது உலகப் பத்திரிகைகள் அனைத்திலும் அந்தப் பெயர் இருந்தது. இப்படி ஏதாவது பெரிதாக நடந்தால் பெயர் வரும். அங்கே அன்றாடம் வாழ்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் வராது.

பேருந்தில் ஏறினால் நடத்துநர் 'பிரிட்டானியா' என்கிறார், 'டன்லப்' என்கிறார், 'வாவின்' என்கிறார். மூன்றும் தொழிற்சாலைகளின் பெயர்கள். டயர் ஆலையின் சங்கொலி ஓய்ந்து எவ்வளவோ காலமாகியும் நிறுத்தத்தின் பெயர் மாறவில்லை. அங்கே வேலை செய்தவர்களின் பேரப் பிள்ளைகள் அதே நிறுத்தத்தில் இறங்கி கணினி நிறுவனங்களுக்குப் போகிறார்கள். அந்த மாற்றத்தில் யார் பிழைத்தார், யார் நொடித்தார், நிலம் யார் கைக்குப் போனது என்பதெல்லாம் ஒரு நகரத்தின் வரலாறு. அதைக் கிழமை தவறாமல் பதிவு செய்ய வேண்டியது உள்ளூர்ப் பத்திரிகையின் வேலை.

கொரட்டூர் ஏரியை எடுத்துக்கொள்வோம். மேற்கே அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கு வரும். கொரட்டூர் நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்குப் போகும். ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இந்த ஏரித் தொடர், சென்னை என்ற நகரம் பிறப்பதற்கு முன்பே உழவர்கள் அமைத்துவைத்த ஏற்பாடு. வயல் போய்த் தொழிற்பேட்டையும் குடியிருப்பும் வந்தன. வரத்துக் கால்வாய்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, அவற்றில் ஓடும் தண்ணீர் மட்டும் மாறிப்போனது. காலையில் கரையில் நடந்தால் நடு ஏரியில் கூழைக்கடாக்கள் மிதக்கின்றன, நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயில் காய்கின்றன. அதே கரையில் கால்வாய் வந்து சேரும் வாய்ப்பகுதிக்குப் போனால் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. கறுத்த நீர், மேலே நுரை, ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை. இரண்டையும் பிரிப்பது சில நிமிட நடைதான்.

இந்த ஏரிக்குப் பொறுப்பு யார் என்று கேட்டுப் பாருங்கள். ஏரி நீர்வளத் துறையுடையது. வந்து கலக்கும் வீட்டுக் கழிவுநீர் சென்னைக் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்த விஷயம். ஆலைக் கழிவு என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியம். மழைநீர் வடிகால் மாநகராட்சி. தொழிற்பேட்டைக்குள் இருக்கும் கால்வாய் என்றால் சிட்கோ. கரை ஓர ஆக்கிரமிப்பு வருவாய்த் துறை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "இது எங்க லிமிட்ல வராது சார்." சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. அவருடைய கோப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆறு அலுவலகங்களின் ஆறு உண்மைகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் இடம் அரசில் எங்கும் இல்லை. அந்தத் தாள் செய்தித்தாளாக இருந்திருக்க வேண்டும்.

அந்த வேலையைக் கொரட்டூரில் மக்களே செய்தார்கள். கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்ற பெயரில் சேர்ந்த குடியிருப்புவாசிகள் மனு எழுதினார்கள், படம் எடுத்தார்கள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்குப் போனார்கள், ஆண்டுக்கணக்கில் வழக்கை விடாமல் நடத்தினார்கள். தீர்ப்பாயம் அழைத்ததும் தனித்தனியே பேசிக்கொண்டிருந்த துறைகள் ஒரே அறையில் நின்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஊடகமும் வந்தது, மறுக்கவில்லை. மீன் செத்து மிதந்த அன்று வந்தது, நுரை பொங்கிய அன்று வந்தது. படம் பிடித்துப் போன பிறகு, கழிவுநீரைத் தடுப்போம் என்று சொன்ன துறை சொன்னபடி தடுத்ததா என்று திரும்பிப் பார்க்க வந்தவர்கள் மிகக் குறைவு. வேலைக்கும் போய், குடும்பத்தையும் பார்த்து, விடுப்பு எடுத்துத் தீர்ப்பாயத்துக்கும் போன அந்த மனிதர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஒரு நிருபர் சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் தம் வாழ்நாளிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எல்லா ஏரிக்கும் அப்படி ஆட்கள் கிடைப்பார்களா? அயனம்பாக்கத்துக்கும் விளிஞ்சியம்பாக்கத்துக்கும் யார் இருக்கிறார்கள்?

மழைக் காலத்தில் மட்டும் நிலைமை தலைகீழாகிறது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றில் பாய்ந்தபோது, அதுவரை செம்பரம்பாக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசித்தே பார்க்காத சென்னைவாசிகள் அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஏரியின் நீரைத்தான், நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் வழியாக, நகரம் 2007 முதல் குடித்துவந்தது. வெள்ளத்தில் ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போக முடியாமல், 1878-ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பே ஒரு நாள் வரவில்லை. செய்தி இல்லாத அந்த வெற்றிடத்தில் வாட்ஸ்அப் புகுந்தது. செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்ற வதந்தி பரவி, பூந்தமல்லியிலிருந்து போரூர் வரை மக்கள் பதறினார்கள். ஏரி உடையவில்லை. ஆனால் எப்போது எவ்வளவு திறப்பார்கள் என்று நம்பகமாகச் சொல்ல ஒருவரும் இல்லாத இரவில், உடைந்துவிட்டது என்ற சொல்லை நம்பாமல் இருக்கச் சொல்லி யாரைக் கேட்க முடியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் உள்ளே புகுந்து நாள்கணக்கில் வடியவில்லை. பட்டறைக்காரர்களுக்குச் சேதம் என்பது தரை ஈரமாவது இல்லை. கடன் வாங்கிப் போட்ட சி.என்.சி. எந்திரத்தின் மின்பலகைக்குள் சேறு போய்விட்டால் அதை மீட்க லட்சங்கள் வேண்டும். அதுவரை ஆர்டர் நிற்கும், தவணை நிற்காது. கேமராக்கள் வந்தன, படகுகள் வந்தன, அமைச்சர்கள் வந்தார்கள். தண்ணீர் வடிந்தது, கேமராக்களும் போயின. ஜனவரியில் யார் யாருக்கு நிவாரணம் கிடைத்தது, மார்ச்சில் எந்தக் கால்வாய் தூர் வாரப்பட்டது, ஜூலையில் எந்தக் கல்வெர்ட்டு அகலப்படுத்தப்பட்டது என்று கேட்டு எழுதினால்தான் அடுத்த டிசம்பருக்கு ஏதாவது அர்த்தம் இருக்கும். கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு 769 கிலோமீட்டர் நீள மழைநீர் வடிகால், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு, 3,220 கோடி ரூபாய்த் திட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அம்பத்தூரின் பல பகுதிகள் அதற்குள் வருகின்றன. அதில் என் தெரு உண்டா, எப்போது, இந்த வடிகால் எந்தக் கால்வாயில் சேர்கிறது, அந்தக் கால்வாய் இந்தத் தண்ணீரைத் தாங்குமா? கோடிகளின் எண்ணிக்கை தலைப்பில் வந்துவிட்டது. என் அக்கம்பக்கத்தார் கேட்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எங்கும் அச்சில் வரவில்லை.

வாட்ஸ்அப் குழுக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குடியிருப்போர் நலச் சங்கங்களின் குழுக்கள்தான் வெள்ளத்தில் பால் எங்கே கிடைக்கும், எந்தத் தெருவில் மின்சாரம் நிறுத்தியிருக்கிறார்கள், முதியவர் யாருக்கு மருந்து தேவை என்று சொல்லின. மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கு எப்படிப் புகார் செய்வது என்று பலருக்குக் கற்றுக்கொடுத்ததும் அவைதான். ஆனால் ஒரு குழுவுக்குள் போட்ட படம் அந்தக் குழுவுக்குள்ளேயே மேலேறிப் போய்விடுகிறது. எங்கள் பக்கம் நெடுஞ்சாலையோர வடிகாலில் ஸ்லாப் உடைந்து ஆள் விழும் அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது. யாரோ புண்ணியவான் ஒரு வேப்பங்கிளையை வெட்டி அதில் செருகி, சிவப்புத் துணி ஒன்றையும் கட்டிவைத்தார். குழுவில் படம் வந்தது. நாற்பது பேர் கைகூப்பினார்கள். ஓர் அலுவலகம் சாலை எங்களுடையது, வடிகால் எங்களுடையதல்ல என்றது. இன்னோர் அலுவலகம் அதையே திருப்பிச் சொன்னது. கிளை காய்ந்து, துணி வெளுத்து, வேறொருவர் புதுக் கிளை வைத்தார். பாடியிலிருந்து அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி வழியாகத் திருநின்றவூர் போகும் சி.டி.எச். சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு இப்படி நடப்பட்ட கிளைகள் புதிதல்ல. ஒரு நாளிதழில் நான்கு வரி வந்திருந்தால் ஒரே வாரத்தில் ஸ்லாப் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். மற்ற இடங்களில் அப்படி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டி பெல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. உழைக்கும் மக்கள் வாழும் புறநகர். மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கும் குறைவு. நகராட்சிக் கூட்டங்களைத் தொடர்ந்து பார்த்து எழுத அங்கே யாரும் இல்லை. 2010-ல் பக்கத்து ஊரான மேவுட் நகராட்சியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நிருபர்கள் தற்செயலாக பெல் பக்கம் திரும்பினார்கள். நகர மேலாளர் ராபர்ட் ரிஸோ ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார்; அமெரிக்க அதிபரின் சம்பளத்தைப் போல் இரு மடங்கு. பகுதி நேர மன்ற உறுப்பினர்கள் சிலருக்கு ஒரு லட்சம் டாலர் வரை போய்க்கொண்டிருந்தது. வரியோ ஏழை மக்கள் மீது ஏறிக்கொண்டேயிருந்தது. செய்தி வெளியானதும் மக்கள் மன்றத்தை முற்றுகையிட்டார்கள். ரிஸோ பதவி விலகினார், 2014-ல் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பத்திரிகைக்கு 2011-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இதில் எனக்கு உறைப்பது பரிசு இல்லை. நிருபர்கள் பக்கத்து ஊருக்கு வந்ததால் தெரிந்தது என்பதுதான். வராமலே இருந்திருந்தால்?

உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட அமெரிக்க ஊர்களில் நகராட்சிகள் வாங்கும் கடனுக்கு வட்டி கூடுகிறது என்று 2020-ல் வெளியான நிதியியல் ஆய்வு ஒன்று காட்டியது, கூடுதல் 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை. கண்காணிக்க ஆளில்லாத நகராட்சிக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்று கடன் கொடுப்பவரே கணக்குப் போடுகிறார். வரி கட்டும் நாம் அந்தக் கணக்கைப் போட வேண்டாமா?

நம் ஊரிலோ, கண்காணிக்க மன்றமே இல்லாத ஒரு காலத்தைக் கடந்து வந்திருக்கிறோம். 2011 அக்டோபரில் அம்பத்தூர் உள்ளிட்ட ஒன்பது நகராட்சிகளும் பல பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சென்னையோடு சேர்ந்தன. மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது, வார்டுகள் 200 ஆயின. அந்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. ஆவடி நகராட்சி 2019-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. உயர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதற்கு மேயரோ மன்ற உறுப்பினரோ இல்லை. குடிதண்ணீர் வரவில்லை என்றால் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. தேர்தல் நடக்காதது நீதிமன்றச் செய்தியாக, கட்சிகளின் வாதச் செய்தியாக வந்துகொண்டிருந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் மண்டலத்தில் யார் கையெழுத்தில் எந்த வேலைகள் நடந்தன என்ற கணக்கு, செய்தியாக வரவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அரிதாகத்தான் வந்தது.

2022-ல் மன்றங்கள் வந்தபின் நல்ல காரியம் ஒன்றும் நடந்தது. வார்டு குழு, பகுதி சபை இவற்றுக்கு அரசு விதிகள் வகுத்தது. நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் பகுதி சபைக் கூட்டத்தில் மக்களோடு உட்கார்ந்தார். 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. நகரத்துக்காரர்களுக்குக் கிராம சபை போன்ற ஓர் இடம் கிடைக்க அதற்குப் பிறகும் இத்தனை காலம் ஆயிற்று. கிடைத்ததை நாம் எப்படி வைத்துக்கொண்டோம்? என் தெருவில் விசாரித்தால் எங்கள் பகுதி சபையின் உறுப்பினர் யார் என்று தெரிந்தவர்கள் அரிது. கூட்டம் நடந்தால் தகவல் வருவதில்லை; வந்தாலும் என்ன கோரினார்கள், எதை மன்றம் ஏற்றது என்ற குறிப்பு எவர் கைக்கும் கிடைப்பதில்லை. முதல்வர் வந்த அன்று எல்லாப் பத்திரிகைகளிலும் படம் வந்தது. அடுத்தடுத்த கூட்டங்களுக்கு ஒரு நிருபராவது போயிருந்தால், அதைப் படித்து இன்னும் பத்துப் பேர் அடுத்த கூட்டத்துக்கு வந்திருப்பார்கள்.

பத்திரிகை முதலாளிகளின் பதிலும் எனக்குத் தெரியும்: விற்பனை குறைகிறது, காகித விலை ஏறுகிறது, புறநகருக்கென்று ஆள் போட விளம்பரம் இல்லை. தென்சென்னையிலும் அண்ணா நகரிலும் விளம்பரத்தை நம்பி நடந்த இலவச வார ஏடுகள் தொண்ணூறுகளில் பெரிய வேலை செய்தன. 'மயிலாப்பூர் டைம்ஸ்' போன்றவை தெருமுனைக் குப்பையிலிருந்து கோயில் குளம் வரை விடாமல் எழுதின. அவை பெரும்பாலும் ஆங்கிலம். பட்டறைத் தொழிலாளியும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவரும் ஏற்றுமதித் துணி ஆலைக்குப் போகும் பெண்களும் நிறைந்த மேற்குப் பக்கத்துக்குத் தமிழில் அப்படி ஒன்று வேரூன்றவில்லை. இங்கே இருக்கும் பகுதி நேரச் செய்தியாளர்களின் நிலையோ பரிதாபம். பலருக்கு நிலையான சம்பளம் கிடையாது; வெளியான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. போதாததற்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். பொங்கல் மலருக்கு அவர் யாரிடம் போவார்? வார்டு பிரமுகரிடம், வீட்டுமனை விற்பவரிடம், தனியார் பள்ளித் தாளாளரிடம். அடுத்த வாரம் அதே ஆள்களைப் பற்றித்தான் அவர் எழுத வேண்டியிருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஏற்பாட்டை வைத்திருக்கும் நிர்வாகங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட்டில் 2002-ல், பெரும் பணமோ பெரிய அச்சகமோ இல்லாமல், தலித் பெண்களை முன்னிறுத்தி 'கபர் லஹரியா' என்ற ஏடு தொடங்கியது. உள்ளூர் மொழியில், கைபம்பு, ரேஷன் கடை, சாலை, காவல் நிலையம் என்று எழுதி, பின்னர் கைபேசிக்கு மாறி இன்றும் நடக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே முடிந்தது, இவ்வளவு தொழிலும் கல்லூரியும் கடைத்தெருவும் உள்ள அம்பத்தூர்–ஆவடிப் பக்கம் ஏன் முடியாது? தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான அய்மா இருக்கிறது. தெருவுக்குத் தெரு நலச் சங்கம் இருக்கிறது. வேலை தேடும் இதழியல் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஒரு வட்டாரத் தமிழ் ஏட்டுக்குச் சந்தாவாக ஒரு வீட்டிலிருந்து மாதம் ஐம்பது ரூபாய் வாங்கக்கூடிய காலம்தான் இது. விளம்பரதாரர் தயவில்லாமல் நடக்க வேண்டுமென்றால் படிப்பவர் காசு கொடுக்க வேண்டும். நாமும் இதைச் செய்யத் தயாராக வேண்டும். ஊடகம் சரியில்லை என்று தேநீர்க் கடையில் பேசுவது போதாது.

அரசின் கையில் இருப்பது இன்னும் எளிது. மண்டலக் குழு, மாநகர மன்றம், நகராட்சி மன்றம், பகுதி சபை எதுவானாலும், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு பொருள் நிரலைத் தமிழில் இணையத்திலும் வார்டு அலுவலகச் சுவரிலும் போடலாம். கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களையும், யார் என்ன பேசினார்கள் என்பதையும் போடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல். தாமே முன்வந்து வெளியிட வேண்டியவை எவை என்று அதிலேயே இருக்கிறது. இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். கேட்டுக்கொண்டே இருக்கும் ஆள் வேண்டும். ஏரி, சாலை, வடிகால் போன்று பல துறைகள் மோதிக்கொள்ளும் இடங்களுக்கு எது யார் பொறுப்பு என்று துறைகள் கையெழுத்திட்ட ஒரு பட்டியலை மண்டல அலுவலகத்தில் ஒட்டினாலே பாதி நடை மிச்சமாகும்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. 2016-ல் போல மறுபடியும் வெறும் நாற்காலிகள் வரக் கூடாது. தேர்தல் அறிவிப்பதற்கு முன் நாளிதழ்கள் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். அம்பத்தூர் மண்டலத்தில் 79 முதல் 93 வரை பதினைந்து வார்டுகள், ஆவடியில் 48. ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், என்ன கேட்டார், எந்த வேலைக்குப் பணம் வந்தது, எது பாதியில் நிற்கிறது, பகுதி சபை எத்தனை முறை கூடியது என்று அரைப் பத்தி போதும். நாளுக்கு ஒரு வார்டு என்று எழுதினாலும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் இன்னும் சில வாரங்கள் ஆகும்.